தாயின் இரத்தத்தில் தெரியும் அடையாளங்கள்: புற்றுநோய் ஆராய்ச்சியும் பேறுகாலப் பாதுகாப்பும்

மக்கள் நல்வாழ்வை அளந்தறியும் அளவுகோல்களுள் தாய்மார் இறப்பு வீதம் முதன்மையான ஒன்றாகும். ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது எத்தனைத் தாய்மார்கள் கர்ப்பத்தின் காரணமாகவோ பேற்றின் காரணமாகவோ உயிரிழக்கின்றனர் என்பதை அது காட்டுகிறது. மாதிரிப் பதிவு முறையின் கணக்கின்படி, 2018-20 காலப்பகுதியில் இவ்வீதம் இந்தியா முழுமைக்கும் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. நாட்டிலேயே மிகக் குறைந்த வீதம் கேரளத்துடையது.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயில் அமைந்துள்ளது வாளையார். 54 என்ற எண்ணும் 19 என்ற எண்ணும் சந்திக்கும் இடம் அது. ஆயினும் எல்லைப்புறத்தில் வாழும் பெண்ணுக்கு இவ்விரு சராசரிகளில் எதுவும் முழுமையாகப் பொருந்துவதில்லை. சிற்றூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் குடும்பங்கள், அட்டப்பாடியின் பழங்குடி மக்கள், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவரும் தொழிலாளர்கள் ஆகியோர் இரு மாநிலங்களின் மருத்துவமனைகளையும் நாடிச் செல்பவர்கள். மணமாவது ஒரு மாநிலத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது மற்றொரு மாநிலத்தில். இந்தப் போக்குவரத்து வாழ்க்கையின் இயல்பு. அதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் கூடாது.

இவ்வாறு இடம் மாறும் தாய்மார்களுக்குத் தற்கால மூலக்கூறு உயிரியல் எவ்வகையில் உதவக்கூடும், அதன் பயன் அவர்களைச் சென்றடைய எத்தகைய ஏற்பாடுகள் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடையாள மூலக்கூறு என்பது என்ன?

உடலுக்குள் ஒரு நோய் தோன்றும்போது, கண்ணுக்குப் புலப்படும் அறிகுறிகளுக்கு முன்னரே இரத்தத்திலோ சிறுநீரிலோ சில பொருள்களின் அளவு கூடுவதும் குறைவதும் உண்டு. அப்பொருள் ஒரு புரதமாக இருக்கலாம், ஹார்மோனாக இருக்கலாம், மரபுப் பொருளின் ஒரு துண்டாகவும் இருக்கலாம். எதன் அளவைக் கொண்டு நோயின் இருப்பையோ போக்கையோ அறிய முடிகிறதோ, அதனை அடையாள மூலக்கூறு எனலாம். சர்க்கரை நோய்க்கு இரத்தத்தின் சர்க்கரை அளவு எப்படியோ, அப்படியே வேறு பல நோய்களுக்கு வேறு பல மூலக்கூறுகள்.

இவ்வகை மூலக்கூறுகள் மூன்று பணிகளைச் செய்யக்கூடும். முதலாவது, நோய் வருமுன் ஆபத்துள்ளவரைப் பிரித்துக் காட்டுதல். இரண்டாவது, ஐயத்துக்கிடமான நிலையில் நோய் உண்டா இல்லையா எனத் தெளிவித்தல். மூன்றாவது, சிகிச்சைக்குப் பின் நோய் முற்றிலும் நீங்கிவிட்டதா எனக் கண்காணித்தல். ஒரே மூலக்கூறு இம்மூன்றிலும் சிறந்து விளங்குவது அரிது. இந்த வேறுபாட்டை மறந்து செலவிடப்படும் பணமே பரிசோதனைத் துறையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி என்று கொள்ளலாம்.

நஞ்சுக்கொடியும் புற்றுக்கட்டியும்

புற்றுநோய் உயிரைக் கவர்வது. கர்ப்பம் உயிரைத் தருவது. இவ்விரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் ஆராய்வது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் உயிரணுக்களின் அளவில் இரண்டுக்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு.

கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பையின் சுவரைத் துளைத்து உட்புகுகின்றன. தாயின் இரத்தக் குழாய்களைத் தம் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கின்றன. புதிய இரத்த நாளங்களை உண்டாக்கிக்கொள்கின்றன. பாதி தந்தையின் மரபுக்கூறு கொண்டவையாயினும், தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றலிடமிருந்து தப்பி வாழ்கின்றன. புற்றுக்கட்டி செய்வதும் ஏறத்தாழ இவையே. வேறுபாடு ஒன்றுதான்: நஞ்சுக்கொடி தன் எல்லையை அறிந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, புற்றுக்கட்டி நிற்பதில்லை.

இதனால் இரு துறைகளுக்கும் பொதுவான அடையாள மூலக்கூறுகள் பல உள்ளன. ஆல்பா ஃபீட்டோ புரதம் 1963-ஆம் ஆண்டில் கல்லீரல் புற்று கண்ட எலிகளிலும் அடுத்த ஆண்டு மனிதரிலும் கண்டறியப்பட்டது. 1972-இல் அதே புரதம், கருவின் தண்டுவடம் சரிவர மூடாத குறையைக் காட்டும் அடையாளமாகப் பயன்படத் தொடங்கியது. சூலகப் புற்றைத் தொடர்ந்து கவனிக்க உதவும் சி.ஏ.-125 என்னும் பொருள், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலும் இயல்பாகவே உயர்கிறது. இவற்றுள் நமக்கு மிகுந்த பாடம் புகட்டும் இரண்டை மட்டும் இங்கே விரிவாகக் காண்போம்.

முத்துப்பிள்ளை கர்ப்பமும் ஒரு ஹார்மோனின் கதையும்

கர்ப்பம் உண்டானதும் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன் எச்.சி.ஜி. எனப்படும். 1920-களின் இறுதியில் பெர்லின் நகரில் ஆஷ்ஹைம், சோண்டெக் ஆகிய இரு அறிஞர்கள், கர்ப்பிணியின் சிறுநீரை எலிகளுக்குச் செலுத்தி இதன் இருப்பைக் காட்டினர். இன்று ஆஷா பணியாளர்கள் கிராமத்துப் பெண்களுக்கு அளிக்கும் 'நிஷ்சய்' பரிசோதனை அட்டை காட்டுவதும் இதே ஹார்மோனைத்தான்.

சில வேளைகளில் கரு உருவாகும்போதே நேரும் மரபுப் பிழையால், குழந்தை வளராமல் நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக் கொத்துப் போன்று நீர்க்குமிழிகளாகப் பெருகிவிடுகிறது. இதனைத் தமிழில் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்பர். மலையாளத்தில் முந்திரிக்குலை கர்ப்பம் என்று வழங்குவர். கருப்பையைத் தூய்மை செய்து இதனை அகற்றிவிடலாம். அத்துடன் முடிந்துவிட்டதாகக் குடும்பத்தார் கருதுவர். ஆனால் முழு வகை முத்துப்பிள்ளையில் 100-க்கு 15 முதல் 20 பேர் வரை, எஞ்சிய அணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. அவற்றில் சில, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும் கோரியோகார்சினோமா என்னும் கொடிய புற்றாக மாறவும் கூடும்.

இந்நோயை வென்ற வரலாற்றில் இந்தியாவுக்கு உரிய பங்கு பலர் அறியாதது. பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடையே கண்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அதைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டார். அப்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலம் பற்றிய பணியை வழிநடத்தினார். ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயற்படும் அமினோப்டெரின், அதன் வழித்தோன்றலான மெதோட்ரெக்சேட் ஆகிய மருந்துகள் அந்த ஆய்வுமரபில் பிறந்தவை. கர்ப்பிணிகளின் இரத்தசோகையில் தொடங்கிய தேடல் புற்றுநோய் மருந்தில் சென்று முடிந்தது.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் மெதோட்ரெக்சேட்டைக் கோரியோகார்சினோமா கண்ட பெண்களுக்குக் கொடுத்து, 1956-இல் வியக்கத்தக்க முடிவுகளை வெளியிட்டனர். நுரையீரல் படத்தில் கட்டிகள் மறைந்த பின்னரும், சிறுநீரில் எச்.சி.ஜி. ஹார்மோன் சிறிதளவு எஞ்சியிருப்பதை லீ கவனித்தார். அது முற்றிலும் மறையும்வரை மருந்தைத் தொடர்ந்தார். நோயாளியின் உடலில் கட்டியே காணப்படாதபோது நச்சுத்தன்மை மிக்க மருந்தைத் தொடர்வது தகாது என மேலிடத்தார் கருதியதால் அவர் அந்நிறுவனத்தைவிட்டு விலக நேர்ந்தது. ஆயினும் அவர் முறைப்படி சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் திரும்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோயை மூலக்கூறின் அளவு காட்டும் என்பது அப்போதுதான் ஐயமற நிறுவப்பட்டது. இன்று தொடக்க நிலையில் கண்டறியப்படும் இவ்வகை நோயில் ஏறத்தாழ அனைவருமே குணமடைகின்றனர்; மருந்து எடுத்துக்கொண்ட பின்னர் மீண்டும் கருவுற்று நலமாகப் பிள்ளை பெறுவோரும் மிகப் பலர். மெதோட்ரெக்சேட் நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இவ்வெற்றிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. முத்துப்பிள்ளையை அகற்றிய பிறகு, வாரம் ஒரு முறையோ இரு வாரங்களுக்கு ஒரு முறையோ எச்.சி.ஜி. அளவை எடுத்துவர வேண்டும். இயல்பு நிலைக்கு வந்த பின்னும் சில மாதங்கள் கண்காணிக்க வேண்டும். அதுவரை மறு கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஏனெனில் புதிய கர்ப்பத்திலும் அதே ஹார்மோன் உயர்ந்து, நோயா கர்ப்பமா எனப் பிரித்தறிய முடியாமற்போகும். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் கூறும் பரிசோதனை அட்டை இதற்குப் போதாது. எண்ணாகக் கிடைக்கும் அளவு வேண்டும். முதல் வாரத்து எண்ணுக்கும் நான்காம் வாரத்து எண்ணுக்கும் உள்ள தொடர்பே இங்கு மருத்துவரின் வழிகாட்டி.

பேறுகால இரத்த அழுத்த நோயின் வேர்

பிரி-எக்ளாம்ப்ஸியா என்னும் பேறுகால இரத்த அழுத்த நோய், உலகெங்கும் கர்ப்பிணிகளில் 2 முதல் 8 விழுக்காட்டினரைத் தாக்குகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் இரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது. கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. முற்றிய நிலையில் வலிப்பு காண்கிறது. கிராமப்புறங்களில் ஜன்னி என்று அஞ்சப்படும் நிலை இதுவே. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல், பெயர் வெளியிடாமல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஆராய்ந்து வருகிறது. அந்த ஆய்வுகளில் இரத்தப் போக்குடன் இந்த இரத்த அழுத்த நோயும் தலையாய காரணங்களுள் ஒன்றாக வெளிப்பட்டது. தாய்மார் இறப்பில் மிகவும் முன்னேறிய மாநிலத்திலும் இதுவே நிலை என்பது கருதத்தக்கது.

இந்நோயின் வேரைக் காட்டியவர்களுள் ஒருவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவரே. பாஸ்டன் நகரில் சிறுநீரக மருத்துவராகப் பணியாற்றிய அனந்த் கருமாஞ்சியும் அவருடன் பணிபுரிந்தோரும் 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயுற்ற தாயின் நஞ்சுக்கொடி, எஸ்.எப்.எல்.டி.-1 என்னும் புரதத்தை மிகையாகச் சுரக்கிறது என்று அவர்கள் கண்டனர். இரத்த நாளங்களின் உட்சுவரைப் பேணுவதற்குச் சில வளர்ச்சிக் காரணிகள் இன்றியமையாதவை. மிகையாகச் சுரந்த புரதம் இக்காரணிகளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. பேணுவாரற்ற இரத்த நாளங்கள் சீர்கெட, அழுத்தம் உயர்கிறது. சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது. கர்ப்பமுற்ற எலிகளின் உடலில் அப்புரதத்தை மிகைப்படுத்தியபோது அவற்றுக்கும் அதே நோய்க்குறிகள் தோன்றின.

இங்கேதான் புற்றுநோய்த் துறை மீண்டும் வந்து இணைகிறது. புற்றுக்கட்டி வளரப் புதிய இரத்த நாளங்கள் வேண்டும். அவற்றைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்ற கருத்தை ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்தார். அவ்வழியில் உருவாகி 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெவாசிசுமாப் என்னும் மருந்து, அதே வளர்ச்சிக் காரணியைத் தடுக்கிறது. அம்மருந்தைப் பெறும் புற்றுநோயாளிகளில் பலருக்கு இரத்த அழுத்தம் உயர்கிறது. சிலருக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது. நோயுற்ற நஞ்சுக்கொடி தாயின் உடலில் தானாகவே செய்வதை, மருத்துவர் புற்றுநோயாளிக்கு மருந்தினால் செய்கிறார் என்றால் பொருந்தும். ஒரு துறையின் பக்கவிளைவு மற்றொரு துறையின் விளக்கமாக அமைந்தது.

கேடு செய்யும் எஸ்.எப்.எல்.டி.-1 புரதம் கூடும்போது, நன்மை செய்யும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி குறைகிறது. நோய் வெளிப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னரே இம்மாற்றம் தொடங்கிவிடுகிறது என 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே இவ்விரண்டின் விகிதத்தை அளந்தால் வரவிருக்கும் ஆபத்தை முன்னறியலாம். நோய் இருக்குமோ என ஐயுறப்பட்ட கர்ப்பிணிகளிடம் பல நாடுகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வின்படி, இவ்விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்று 99 விழுக்காட்டுக்கு மேல் உறுதியாகக் கூறலாம். 38-க்கு மேல் இருந்தால், நான்கு வாரத்துக்குள் நோய் காண்போர் 100-க்கு ஏறத்தாழ 37 பேர். அதாவது, இப்பரிசோதனை நோய் வரும் என்று சொல்வதைவிட, இப்போதைக்கு வராது என்று சொல்வதிலேயே வல்லது. ஆனால் அந்த உறுதிமொழியின் ஆயுள் ஒரு வாரமே என்பதை மறத்தலாகாது.

எண்ணை நம்புவது எப்போது?

அறிவியல் ஒரு பரிசோதனையைத் தந்துவிட்டால், அதை எல்லோருக்கும் செய்துவிடலாமே என்று கேட்பது இயல்பு. இங்கே ஒரு கணக்கு துணைசெய்யும்.

விளக்கத்துக்காக, 1,000 பேரில் ஒருவருக்கு மட்டுமே வரும் ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். நோயுற்றவரில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்து, நோயற்றவரில் 5 விழுக்காட்டினரைத் தவறாகச் சுட்டும் பரிசோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 10,000 பேருக்கு இதைச் செய்தால் நோயுற்ற 10 பேரில் 9 பேர் அகப்படுவர். நோயற்ற 9,990 பேரிலும் ஏறத்தாழ 500 பேர் தவறாகச் சுட்டப்படுவர். ஆபத்து என்று அஞ்சி மருத்துவமனைக்கு விரையும் 509 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேரே. இதே பரிசோதனையை, அறிகுறி கண்டு மருத்துவர் ஏற்கெனவே ஐயுற்ற, ஐவரில் ஒருவருக்கு நோய் உள்ள 1,000 பேரிடம் செய்தால் நிலைமை மாறுகிறது. சுட்டப்படும் 220 பேரில் 180 பேர் உண்மையான நோயாளிகளாக இருப்பர். பரிசோதனை ஒன்றே; அது யாரிடம் செய்யப்படுகிறது என்பதில்தான் பயனும் வீணும் அடங்கியுள்ளன.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. பிரிட்டனில் 2,00,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெரும் ஆய்வில், நோய்க்குறி இல்லாத ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ.-125 அளவு பார்க்கப்பட்டது. 2021-இல் வெளியான முடிவு, சூலகப் புற்றினால் ஏற்படும் மரணங்கள் அதனால் குறையவில்லை என்று காட்டியது. நம் நாட்டில் வயிற்றுக் காசநோயிலும் இப்பொருள் உயர்வதால், கண்டவருக்கெல்லாம் இதைப் பரிந்துரைப்பது மேலும் குழப்பத்தையே தரும்.

எனவே விலை உயர்ந்த மூலக்கூறுப் பரிசோதனைக்கு முன்னர் எளியவை இடம்பெற வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தம் பார்த்தல், சிறுநீரில் புரதம் பார்த்தல் ஆகியன ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யத்தக்கவை. முற்றிய நோயில் வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் என்னும் மலிவான மருந்து உண்டு. 2002-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, அது வலிப்பின் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைப்பதை மெய்ப்பித்தது. ஆபத்து மிகுந்தவர் எனக் கண்டறியப்பட்ட கர்ப்பிணிகள் மருத்துவர் அறிவுரைப்படி கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் உட்கொண்டால், குறைமாதத்தில் தோன்றும் கடும் வகை நோய் 62 விழுக்காடு குறைவதாக 2017-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. இந்த அடித்தளம் இருந்தால்தான் மூலக்கூறுப் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கும் நடுவராகப் பணியாற்ற முடியும்.

எல்லைப்புறத்தின் தனித் தேவைகள்

மேலே கண்ட இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் காலம் மையமான இடம் பெறுகிறது. எச்.சி.ஜி. அளவு வாரந்தோறும் தொடர வேண்டும். இரத்த அழுத்த நோய்க்கான விகிதம் ஒரு வாரத்துக்கே உறுதி தரும். வரிசையில் ஓர் எண் விடுபட்டால் முந்தைய எண்களின் பயனும் குன்றிவிடும்.

வாளையாரைச் சூழ்ந்த ஊர் ஒன்றின் இளம்பெண்ணை எண்ணிப் பார்ப்போம். முத்துப்பிள்ளை கர்ப்பம் பாலக்காட்டில் அகற்றப்படுகிறது. உடல் தேற அவள் பொள்ளாச்சிப் பக்கம் தாய்வீடு செல்கிறாள். அடுத்த வாரத்துப் பரிசோதனை அங்கே எடுக்கப்பட்டால், முந்தைய எண் அங்குள்ள மருத்துவருக்குத் தெரியாது. எடுக்கப்படாவிட்டால், அவளைத் தேடிச் செல்ல வேண்டிய பணியாளர் மறு மாநிலத்தவர். இடுக்கியின் தோட்டத்திலிருந்து போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ தேனி மாவட்டத்துக்கு இறங்கும் தொழிலாளப் பெண்ணின் நிலையும் இதுவே. மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி இழப்பு நாள். துணைக்கு வருபவருக்கும் அப்படியே. பரிசோதனை இலவசமாயினும் பயணம் இலவசமன்று. பொருளாதார நோக்கில் இதுவே உண்மையான விலை.

அட்டப்பாடியில் மற்றோர் அடையாள மூலக்கூறும் கவனத்துக்குரியது. சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் ஹீமோகுளோபின்-எஸ் அது. தென்னிந்தியாவில் இதனை 1952-ஆம் ஆண்டில் நீலகிரிப் பழங்குடியினரிடையே லேமன், கட்புஷ் ஆகியோர் கண்டறிந்தனர். இந்நோயுள்ள பெண் கருவுற்றால் இரத்த அழுத்த நோய், கருவின் வளர்ச்சிக் குறைவு போன்ற சிக்கல்கள் மிகுதி. 2013-இல் அட்டப்பாடியில் நேர்ந்த பச்சிளங்குழந்தைகளின் மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. தாய்மாரின் ஊட்டக் குறைவும் இரத்தசோகையும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. 2023 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள்செல் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் குறிக்கோளைக் கொண்டது. ஒருவரின் வாழ்நாளில் ஒரு முறை அறிந்தால் போதும் என்பது இந்த அடையாளத்தின் சிறப்பு. ஆனால் ஆனைகட்டி வழியே கோயம்புத்தூர் மருத்துவமனைக்குச் செல்லும் இருளர் பெண்ணிடம் அந்தப் பரிசோதனை அட்டை இல்லையெனில், எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியதே.

2017-இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வாளையார் வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் நாட்கணக்கில் காத்துக்கிடக்கும் நிலை அகன்றது. சரக்குக்கு எல்லை அகன்றுவிட்டது. மருத்துவக் குறிப்புக்கு அது இன்னும் அகலவில்லை. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அனுமதிச் சீட்டின்றி எல்லையைக் கடக்க இயலாத நிலை ஏற்பட்டதையும் இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கர்ப்பப் பதிவு எல்லை கடந்தும் செல்லத்தக்கதாக வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் பதிவுக்கெனத் தனி மின்னணு முறை உள்ளது. மத்திய அரசின் இனப்பெருக்க, குழந்தைநலப் பதிவு முறை பிற மாநிலங்களில் இயங்குகிறது. 2021-இல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கத்தின் நலவாழ்வு எண், இவற்றை இணைக்கும் பாலமாக அமையத்தக்கது. அந்தப் பாலத்தை எல்லை மாவட்டங்களில் முதலில் கட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, நோயாளி பயணம் செய்வதற்கு மாறாக மாதிரி பயணம் செய்ய வேண்டும். பிரிட்டனில் 1973 முதல் முத்துப்பிள்ளை கண்ட பெண்களுக்கென நாடு தழுவிய பதிவேடு இயங்கி வருகிறது. தொலைவில் உள்ள பெண்கள் தம் மாதிரிகளை அஞ்சலில் அனுப்புகின்றனர். ஒரு சில சிறப்பு மையங்களே எல்லா எண்களையும் கண்காணிக்கின்றன. நம் நாட்டிலும் 2015-இல் வகுக்கப்பட்ட இலவச நோயறி சேவைத் திட்டம், சிறு நிலையங்களில் மாதிரி எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் முறைக்கு இடமளித்துள்ளது. பாலக்காடு, கோயம்புத்தூர், தேனி, இடுக்கி மாவட்டங்களுக்கு இடையே இம்முறையைப் பொதுவாக்கினால், மாதிரி எங்கே எடுக்கப்பட்டாலும் முடிவு ஒரே பதிவேட்டில் சேரும்.

மூன்றாவதாக, நம் மக்களுக்கு உரிய அளவுகள் நம் மக்களிடமிருந்தே பெறப்பட வேண்டும். குருகிராமில் 2015 முதல், உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடைபெறும் 'கர்ப்-இனி' ஆய்வு, ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, குறைப்பிரசவத்தின் காரணங்களை ஆராய்கிறது. அதன் தகவல்களைக் கொண்டு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஃபரீதாபாத் ஆய்வு நிறுவனமும் இணைந்து, கருவின் வயதை இந்தியத் தாய்மாருக்குப் பொருந்தும் வகையில் கணிக்கும் முறையை 2024-இல் வெளியிட்டன. இத்தகைய ஆய்வுகளில் மலைப்பகுதித் தாய்மாரும் தோட்டத் தொழிலாளரும் இடம்பெற வேண்டும். அவர்களது ஒப்புதல் அவர்கள் பேசும் மொழியில், அவர்களுக்குப் புரியும் வண்ணம் பெறப்பட வேண்டும். மாதிரியைக் கொடுத்தவருக்கு முடிவைத் தெரிவிப்பது ஆய்வாளரின் கடமை.

நான்காவதாக, வாராத தாயைத் தேடிச் செல்லும் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மை முகாம்களின்போது, எல்லையின் இரு பக்கத்துச் செவிலியரும் ஆஷா பணியாளரும் தங்கள் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்வதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. ஒரு தொலைபேசி எண்ணும் ஓர் ஒழுங்கான குறிப்பேடும் போதும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலக்கூறைக் கண்டறிவது அறிஞர்களின் வேலை. அதன் அளவு காட்டும் எச்சரிக்கை உரிய நாளில், உரிய பெண்ணை, அவள் எந்த ஊரில் இருந்தாலும் எட்டும்படி செய்வது நிருவாகத்தின் வேலை. முன்னதில் நம் மண்ணில் பயின்றவர்கள் உலகுக்கு வழிகாட்டியுள்ளனர். பின்னது இன்னும் முடிவுறாத பணி. வாளையாரின் இரு பக்கத்திலும் மருத்துவர்கள் உள்ளனர், மருந்துகள் உள்ளன, ஆய்வகங்களும் உள்ளன. இவற்றை ஒரே தாயின் ஒரே குறிப்பேட்டால் இணைத்துவிட்டால், தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று பின்னர் எழுதவேண்டிய குறிப்புகள் குறையும்.